நிழல்களைக் கூட்டி நிஜத்தைக் கண்டவர்கள்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஒரு கட்டுரை வேண்டும். ஆனால் ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே, ஏற்கனவே நாலு வந்துவிட்டது" என்றார்கள். அப்போது நினைவுக்கு வந்தது எங்கள் இறுதியாண்டு புராஜக்ட் வைவா.

எக்ஸ்ரே நிழல்களிலிருந்து ஒரு பொருளின் உட்புறப் படத்தை கம்ப்யூட்டரில் உருவாக்குவது எங்கள் புராஜக்ட். உருவாக்கியது நாங்கள் என்று சொல்வதைவிட, மேட்லாப் மென்பொருள் என்று சொல்வதே நியாயம். அதில் 'ஐரேடான்' என்று ஒரு கட்டளை. அதற்கு ஐந்தாறு வடிகட்டிகள். நாமாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் 'ராம்-லாக்' என்ற வடிகட்டியை அது தானே எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "ராம்-லாக் என்றால் என்னப்பா?" என் பார்ட்னர் கொஞ்சமும் தயங்காமல், "கம்ப்யூட்டரின் ராம் மெமரி சம்பந்தப்பட்டது சார்" என்றான். தேர்வாளர் சிரித்தார். நாங்களும் சிரித்துவைத்தோம். மதிப்பெண் வந்துவிட்டது. விஷயம் அதோடு மறந்துபோயிற்று.

சில வருடங்கள் கழித்து அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. நடு இரவில் சி.டி. ஸ்கேன். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "உள்ளே ரத்தக்கசிவு எதுவும் இல்லை, தைரியமாக இருங்கள்" என்றார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அம்மா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள்: "ஏண்டா, மண்டையைத் திறக்காமலே உள்ளே இருக்கிறது எப்படித் தெரியும்? அந்தப் படத்தை நம்பலாமாடா?"

எஞ்சினியர் மகன்! நாலு வருஷம் படித்து, அதையே புராஜக்ட்டாகவும் செய்தவன். "நம்பலாம்மா" என்றேன். ஏன் நம்பலாம் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அதன் பிறகு தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. கணிதம், பௌதிகம், கம்ப்யூட்டர், மருத்துவம் என்று நான்கு துறைகளைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறியாமலே, சேர்ந்து கட்டிய ஒரு வீட்டின் கதை.

நிழலில் உள்ள குறை

1895-ல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். உடம்பைக் கிழிக்காமல் எலும்பைப் பார்க்க முடிந்தது. ஆனால் எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும். நூறு பக்க நோட்டுப் புத்தகத்தைக் கண்ணாடித் தாளில் எழுதி, மூடி, விளக்குக்கு நேரே பிடித்து ஐம்பதாம் பக்கத்தைப் படிக்க முயல்வது போல. மூளை விஷயத்தில் இது ரொம்ப மோசம். கெட்டியான மண்டை ஓட்டின் நிழலில் மெதுவான மூளை காணாமல் போய்விடும். அதனால் அந்தக் காலத்தில் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தை வடித்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளி பட்ட வேதனை சொல்லி முடியாது.

ஒரு நிழல் போதாது என்றால் பல கோணங்களில் நிழல் எடுத்தால்? பத்திரிகையில் வரும் எண் புதிரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கட்டம். உள்ளே உள்ள எண்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, மூலைவிட்டமாகக் கூட்டுத்தொகைகள் மட்டும் தெரியும். போதுமான கூட்டுத்தொகைகள் இருந்தால் உள்ளே என்னென்ன எண்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு எக்ஸ்ரே கதிரும் ஒரு கூட்டுத்தொகைதான். வழியில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று மொத்தமாகச் சொல்கிறது. எல்லாத் திசைகளிலும் கூட்டுத்தொகை தெரிந்தால் உள்ளே இருப்பதை ஒரே விடையாகச் சொல்ல முடியுமா? கேள்வி அவ்வளவுதான்.

வியன்னாவில் பிறந்து தூங்கிய விடை

முடியும் என்று நிரூபித்து, சூத்திரத்தையும் கையில் கொடுத்தவர் ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோகான் ரேடான். வருடம் 1917. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். லைப்சிக் நகரிலிருந்த சாக்சனி அறிவியல் கழகத்தின் வெளியீட்டில், ஜெர்மன் மொழியில் கட்டுரை வந்தது. மருத்துவம் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அவருக்கு அது சுத்தமான கணிதம். எங்கள் மேட்லாப் கட்டளையின் பெயரில் இருந்த 'ரேடான்' இவர்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. இதே கேள்வியின் முப்பரிமாண வடிவத்துக்கு டச்சு பௌதிக மேதை லோரன்ஸ் அதற்கும் முன்னாலேயே விடை கண்டிருந்தார். அவர் அதைப் பிரசுரிக்கவில்லை. வேறொருவர் 1906-ல் எழுதிய கட்டுரையில் அது ஒரு குறிப்பாகத்தான் இருக்கிறது.

ஆக, மருந்து தயார். நோயாளியும் இருக்கிறார். மருந்துக்கடை எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது.

கேப் டவுனும் பனிச்சரிவும்

ரேடான் 1956-ல் வியன்னாவில் காலமானார். அதே 1956-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆலன் கார்மாக் என்ற பௌதிக விரிவுரையாளருக்கு ஒரு கூடுதல் வேலை வந்தது. க்ரூட் ஷூர் மருத்துவமனையில் இருந்த பௌதிக நிபுணர் ராஜினாமா செய்துவிட்டார். கதிரியக்கப் பொருள்களைக் கையாள ஒரு பௌதிகக்காரர் மேற்பார்வை வேண்டும் என்பது சட்டம். வாரத்துக்கு ஒன்றரை நாள் கார்மாக் அங்கே போய் உட்கார்ந்தார்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது, உடம்பு முழுவதும் ஒரே சீரான பொருள் என்று வைத்துக்கொண்டு அங்கே கணக்குப் போட்டார்கள். எலும்பும் நுரையீரலும் எப்படி ஒன்றாகும்? உள்ளே எங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வெளியிலிருந்தே அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ரேடான் பெயரையே கேள்விப்படாத கார்மாக் தாமே உட்கார்ந்து கணக்கைப் போட்டார். 1957-ல் அலுமினிய உருளையைச் சுற்றி மர வளையம் வைத்து, கோபால்ட் கதிர்களைச் செலுத்தி அளந்தார். கணக்கு சரியாக வந்தது, நடுமையத்தில் மட்டும் கொஞ்சம் இடித்தது. பட்டறையில் விசாரித்தால், உருளையின் நடுவில் உறிஞ்சும் தன்மை சற்றே குறைந்த ஒரு முளையைச் செருகியிருந்தார்களாம்! செய்தவருக்கே தெரியாமல் உள்ளே இருந்ததைக் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

1963-லும் 1964-லும் அமெரிக்காவின் பயன்பாட்டு பௌதிக இதழில் இரண்டு கட்டுரைகள். யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தது என்று கார்மாக் பின்னாளில் தம் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். ரேடான் 1917-லேயே இதைத் தீர்த்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியவர இன்னும் 14 ஆண்டுகள் பிடித்தன என்றும் அதே உரையில் சொல்லியிருக்கிறார். ஒரே விடையை இரண்டு தடவை கண்டுபிடித்தாயிற்று.

பாட்டுக் கம்பெனியில் ஒரு எஞ்சினியர்

நம்மவர்களுக்கு உற்சாகம் தரும் கட்டம் இனிமேல்தான். லண்டனில் ஈ.எம்.ஐ. என்று ஒரு கம்பெனி. பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே கம்பெனிதான். அதில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற எஞ்சினியர். போர்க்காலத்தில் விமானப்படையில் ராடாரில் வேலை பார்த்தவர். ஈ.எம்.ஐ.யில் டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் வடிவமைத்தவர். டாக்டர் பட்டமெல்லாம் கிடையாது. (கார்மாக்குக்கும் கிடையாது.)

1967-ல் வேலையைத் தொடங்கினார். கார்மாக்கையும் தெரியாது, ரேடானையும் தெரியாது. ஒரு லேத் மெஷினின் அடிப்பாகத்தில் கருவியை அமைத்து, கதிரியக்கப் பொருளிலிருந்து வந்த காமா கதிர்களால் அளந்தார். ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்கவே 9 நாள்! கம்ப்யூட்டர் கணக்குப் போட இன்னும் இரண்டரை மணி நேரம். எக்ஸ்ரே குழாய் வைத்ததும் 9 நாள் 9 மணி நேரமாயிற்று. சோதிக்க மாட்டு மூளையை வாங்கி, லண்டனின் பொது வாகனங்களில் கையில் எடுத்துக்கொண்டு போவாராம்.

1971 அக்டோபர் 1-ந் தேதி. லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனை. டாக்டர் ஜேம்ஸ் ஆம்புரோஸ் மேற்பார்வையில், மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு முதல் ஸ்கேன். 180 கோணங்கள், ஒவ்வொன்றிலும் 160 அளவுகள். அதாவது 28,800 கூட்டுத்தொகைகள். கண்டுபிடிக்க வேண்டியவை 80-க்கு 80, மொத்தம் 6,400 கட்டங்கள். மேலே சொன்ன ஒன்பது கட்டப் புதிர்தான், கொஞ்சம் பெரிய சைஸில். கட்டி தெளிவாகத் தெரிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் உள்ளே பார்த்தது படத்தில் இருந்தது போலவே இருந்தது.

1979-ல் மருத்துவ நோபல் பரிசு, ஒரு பௌதிகக்காரருக்கும் ஒரு எஞ்சினியருக்கும்! இன்றும் சி.டி. ரிப்போர்ட்டில் 'ஹெச்.யூ.' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000.

ராம் என்றால் யார்?

ஹவுன்ஸ்ஃபீல்ட் அந்த 6,400 எண்களைத் திரும்பத் திரும்பத் திருத்தித்தான் விடைக்கு வந்தார். கம்ப்யூட்டருக்கு அது பெரும் சுமை. நேர்வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பூசி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவது. ஆனால் அப்படிச் செய்தால் படம் மார்கழி மாதப் பனிமூட்டத்தில் தெரியும் தெருவிளக்கு போல மங்கிப்போகும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு ஒளிவட்டம் படர்ந்துவிடும். அந்த மூட்டத்தை நீக்க, எல்லாவற்றையும் ஃபூரியர் உருமாற்றம் செய்து, திருத்தி, மறுபடி திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் அது எத்தனை பெரிய வேலை!

முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுப்பதற்கு முந்தின மாதம், 1971 செப்டம்பரில், அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன். ராம்-லாக்! ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும்! மெமரியாவது, மண்ணாங்கட்டியாவது!

படித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ராமச்சந்திரன் யார்? சர் சி.வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்தவர். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழை பின்னிய சடை போன்றது என்பதை கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-55-ல் சென்னையிலிருந்து உலகுக்குச் சொன்னவர். 1963-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இல்லாத புரதவியல் பாடப்புத்தகம் உலகில் கிடையாது. 2001-ல் சென்னையில் காலமானார். சென்னையோடு இத்தனை தொடர்பு உள்ளவரின் பெயரைத்தான் நாங்கள் கம்ப்யூட்டர் உதிரிபாகம் என்று நினைத்தோம்.

அவர்கள் செய்த வேலை நம் போன்றவர்களுக்கு எளிதில் விளங்கும். நிழல்களை ஃபூரியர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். திரும்பப் பூசுவதற்கு முன், ஒவ்வொரு நிழலையும் ஒரு சின்ன எண் வரிசையோடு கன்வல்யூஷன் செய்தால் போதும். வரிசையின் நடுவில் கால். இரட்டைப்படை தூரங்களில் சைபர். ஒற்றைப்படை தூரங்களில், தூரத்தின் வர்க்கத்தையும் பையின் வர்க்கத்தையும் பெருக்கி, அதால் 1-ஐ வகுத்து, முன்னால் ஒரு மைனஸ். முதல் பக்கத்து இடத்துக்கு ஏறக்குறைய மைனஸ் 0.101. முடிவில்லாமல் நீளும் அந்த வரிசையைக் கூட்டினால் மொத்தம் சைபர். அந்த மைனஸ்கள்தான் பனிமூட்டத்தைக் கழித்துவிடுகின்றன. பெருக்கல், கூட்டல் தவிர வேறொன்றும் வேண்டாம். விரைவில் சி.டி. ஸ்கேனர்கள் இந்த வழிக்கு மாறின. பெல் ஆய்வுக்கூடத்தின் ஷெப், லோகன் இருவரும் 1974-ல் வடிகட்டியை இன்னும் மெருகேற்றினார்கள். முறையைச் சோதிப்பதற்கென்று முட்டை வடிவங்களால் ஆன ஒரு பொம்மைத் தலையையும் அவர்கள் வரைந்து வைத்தார்கள். அந்தத் தலை இந்தக் கதையில் மறுபடி வரும்.

ராமச்சந்திரனின் கவனம் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களிலும் இருந்தது. இதே கன்வல்யூஷன் வழியை பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-ல் ரேடியோ வானியலுக்காகக் கண்டிருந்தார்கள். வானத்தைப் பார்த்தவர், புரதத்தைப் பார்த்தவர், நோயாளியைப் பார்த்தவர், பனிச்சரிவைப் பார்த்தவர் எல்லாருக்கும் ஒரே புதிர். இடையில் இருந்தது துறைச் சுவர். சுவருக்கு விலை உண்டு. 1917-க்கும் 1971-க்கும் இடையே 54 வருடம்.

பாதி அளவில் முழுப் படம்

சரி, பழைய கதை போதும். நம் தலைமுறையில் நடந்ததைப் பார்ப்போம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது. ஆனால் நேரம் பிடிக்கும். அசையாமல் படுத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு மயக்க மருந்தே கொடுக்க வேண்டிவரும். அளவுகளைக் குறைத்து எடுத்தால் நேரம் மிச்சம், ஆனால் படம் கெட்டுப்போகும். தெரியாத எண்களைவிடச் சமன்பாடுகள் குறைவாக இருந்தால் ஒரே விடை கிடைக்காது என்று நாம் முதலாண்டுக் கணிதத்திலேயே படித்தோம் அல்லவா?

2004 வாக்கில் கலிபோர்னியாவில் எமானுவல் காண்டே என்ற கணிதவியலாளர் அதே ஷெப்-லோகன் பொம்மைத் தலையை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். வேண்டுமென்றே மிகக் குறைந்த அளவுகள், வெறும் 22 கோடுகளில் மட்டும். அந்த அளவுகளுக்குப் பொருந்தும் எண்ணற்ற படங்களில் எது மிக எளிமையானதோ அதைத் தேர்ந்தெடு என்று கம்ப்யூட்டரிடம் சொன்னார். படம் கொஞ்சம் தேறும் என்றுதான் எதிர்பார்த்தார். வந்ததோ ஒரு புள்ளி மாறாத அசல் தலை! டெரன்ஸ் டாவோவிடம் சொன்னார். டாவோ முதலில் நம்பவில்லை. பிறகு ஏன் அப்படி நடக்கிறது என்று நிரூபிப்பதில் அவரே சேர்ந்துகொண்டார். ரோம்பெர்க்கையும் சேர்த்து மூவர் எழுதிய கட்டுரை 2006-ல் வந்தது. அதே ஆண்டு டேவிட் டோனோஹோவின் கட்டுரையும் வந்தது.

படம் எளிமையானது, அதாவது உண்மையில் அதில் உள்ள தகவல் கொஞ்சம்தான் என்று முன்கூட்டியே தெரிந்தால், குறைந்த சமன்பாடுகளே போதும் என்பதுதான் சாரம். முக்கியமானது, எப்போது போதும், எப்போது போதாது என்பதற்கும் அவர்கள் கணக்கு கொடுத்தார்கள். 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் லுஸ்டிக், டோனோஹோ, பாலி மூவரும் இதை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்தார்கள். 2017-ல் அமெரிக்க அரசு இந்த முறையில் இயங்கும் கருவிகளுக்கு அனுமதி அளித்தது. தேற்றத்திலிருந்து நோயாளிக்கு 11 வருடம். 54 எங்கே, 11 எங்கே! காரணம் எளிது. இந்தத் தடவை கணிதக்காரரும் கருவிக்காரரும் ஒரே கட்டுரையில் கையெழுத்துப் போட்டார்கள்.

(இங்கேயும் ஒரு பழைய குறிப்பு உண்டு. பூமிக்குள் அதிர்வலை அனுப்பி உள்ளே இருப்பதைக் கணிக்கும் புவி பௌதிகக்காரர்கள் இதே தந்திரத்தை 1970-களிலேயே நடைமுறையில் கையாண்டார்கள். ஏன் பலிக்கிறது என்ற நிரூபணம்தான் இல்லை.)

ஊகிக்கும் கம்ப்யூட்டர்

இப்போது மூன்றாவது கட்டம். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு, குறைந்த அளவுகளிலிருந்து படத்தைத் தானே நிரப்பித் தருகிறது. 2019-ல் சி.டி. படங்களுக்கு இப்படிப்பட்ட மென்பொருள்கள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரைச்சல் குறைகிறது, கதிர்வீச்சையும் குறைக்க வழி பிறக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் 2020-ல் ஒரு எச்சரிக்கை வந்தது. வேகார்ட் ஆன்டுன் முதலான கணிதவியலாளர்கள், ஆராய்ச்சியில் இருந்த இத்தகைய சில நியூரல் நெட்வொர்க்குகளைச் சோதித்தார்கள். அளவுகளில் கண்ணுக்கே தெரியாத மாற்றம் செய்தால், சிலவற்றில் இல்லாத கோளாறு படத்தில் முளைத்தது. சின்னக் கட்டி போன்ற புது விவரத்தைச் சேர்த்தால், சிலவற்றில் அது மழுங்கிப்போனது. அதிக அளவுகள் கொடுத்தால் படம் மோசமான கதையும் உண்டு! கட்டுரை வந்த இதழ் எது தெரியுமா? ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் எழுதிய அதே இதழ்.

பழைய மங்கல் படம் தன் குறையை மறைக்காது. மங்கலாக இருந்தால் டாக்டருக்கே தெரியும், மறுபடி எடு என்பார். ஊகித்து நிரப்பிய படம் தவறானாலும் பளிச்சென்று இருக்கும். ஆபத்து அங்கேதான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் வானத்திலிருந்து கிடைக்கிறது. 2019 ஏப்ரல் 10-ந் தேதி வெளியான கருந்துளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எம்-87 விண்மீன் மண்டலத்தின் நடுவே, ஏறக்குறைய ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பது. பூமியெங்கும் சிதறிய தொலைநோக்கிகள் சேர்ந்து எடுத்தவை சில அளவுகள்தான். மீதியைக் கணக்கு நிரப்ப வேண்டும். ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி வளையம்தான் வரும் என்று எல்லாருக்கும் ஆசை இருக்குமே! அந்த ஆசை படத்தில் கலந்துவிடக் கூடாது என்று நான்கு குழுக்களைப் பிரித்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியே படம் தயாரிக்கச் சொன்னார்கள். நான்கிலும் வளையம் வந்த பிறகுதான் நம்பினார்கள். சுவர் எடுப்பதிலும் ஒரு நியாயம் இருக்கலாம், வேண்டுமென்றே, ஒரு காரணத்தோடு எடுத்தால்!

அம்மாவுக்குப் பதில்

இப்போது அம்மாவின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அன்று திரையில் பார்த்தது போட்டோ அல்ல. அது ஒரு கணக்கின் விடை. அந்த விடை ஒன்றே ஒன்றுதான் என்று ஒருவர் நிரூபித்தார். அளக்க முடியும் என்று ஒருவர் காட்டினார். கருவியாக ஒருவர் கட்டினார். வேகமாகக் கணக்கிட இரண்டு பேர் வழி சொன்னார்கள். ஆபரேஷன் மேஜையில் ஒத்துப்பார்த்து உறுதி செய்தார்கள். அதனால் நம்பலாம். இனி வரப்போகும் படங்களை நம்பலாமா என்றால், அதே ஐந்து வேலைகளையும் மறுபடி செய்ய வேண்டும். கணிதக்காரர் மட்டும் போதாது, டாக்டர் மட்டும் போதாது, "டெமோ நன்றாக வந்தது" என்று சொல்லும் எஞ்சினியர் மட்டும் நிச்சயம் போதாது. இதை என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் கல்லூரியில் நாலு வருஷம் இருந்தும், கணிதத் துறைப் பக்கம் இன்டர்னல் மார்க் கேட்கப் போனதைத் தவிர நான் வேறெதற்கும் போனதில்லை. "இந்த ஃபூரியர் எங்கே சார் உதவும்?" என்று வகுப்பில் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்பாவின் தலைக்கே உதவியது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வருடா வருடம் கூடிச் சாப்பிட்டுக் கலைகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். நம்மில் மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள், வங்கியில் இருப்பவர்கள், கணிதத் துறைப் பேராசிரியர்கள் ஆளுக்கொரு தீராத கணக்கைச் சொல்லட்டும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும். யார் கையில் எந்த விடை தூங்குகிறதோ, யாருக்குத் தெரியும்?

அப்பா நலமாக இருக்கிறார். குளியலறையில் சொரசொரப்பான டைல்ஸ் போட்டாயிற்று.